நாலோடு நிறுத்த வேண்டும்

தாம்பாளத்தில் மொச்சைக் கொட்டையைக் கொட்டியதும் அந்தச் சத்தத்துக்கே சென்னியப்பன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளட்டும் என்று வசந்தாமணி நினைத்தாள், சத்தம் காதில் விழுகிறதே, விழுந்து கோபம் வருகிறதே, கோபம் வருகிற வரைக்கும் மனுஷன் உள்ளே எங்கேயோ இருக்கிறார் என்றுதானே அர்த்தம், ஆனால் இது கோபந்தானா இல்லை வெளியே எதையாவது பார்க்கிறாரா, வெளியே என்ன இருக்கிறது, எதிர் பிளாக்கின் சுவரும் அதன் கொடியில் யாருடையதோ ஒரு லுங்கியும், மத்தியான வெயிலில் அசையாமல் தொங்குகிற லுங்கியைப் பார்க்க என்ன இருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், உடம்பு கெடுகிற வரைக்கும், அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தே அவள் பார்த்ததில்லை. ஈரோட்டில் வீதி வீதியாகப் போய் கரண்ட் ரீடிங் எடுத்தவர், மத்தியானம் ஆனால் கறுத்துப்போய் வந்து செருப்பை உதறுவார். ஓய்வு பெற்ற மறு வருஷமே, மார்கழியில், பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு வாஷ்பேசின் மேல் சாய்ந்தார். வலது கை போனது, பேச்சு போனது, கால் கொஞ்சம் திரும்பி வந்தது, பேச்சு ஒன்றிரண்டு சொல்லாக வந்தது, எண் மட்டும் வரவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மேகம் மாதிரி இருந்த ஒரு திட்டைப் பேனாவால் தொட்டு, கணக்கெல்லாம் இங்கதாம்மா இருக்கும் என்றார். எண்ணுக்குத் தலையில் தனியாக ஓர் இடம் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தன் தலையில் அந்த இடத்தில் என்ன இருக்கும், எட்டாவதோடு நின்றவளுக்கு, வெறும் இடமாகத்தான் கிடக்கும், இருட்டாக, பழைய டிரங்குப் பெட்டிக்குள் கையை விட்ட மாதிரி.

"ஏனுங்க, இங்க பாருங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. இட்லித் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். நாலு குழி. ஒரு குழிக்கு ஒரு கொட்டை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒரு முறை வருகிற பெனாசிர் சொல்லிக்கொடுத்த வழி இது. நோட்டுப் புத்தகமெல்லாம் வேண்டாம் ஆன்ட்டி, கையில புடிச்சுப் பாக்கற சாமானா வச்சு ஆரம்பிங்க, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்லித் தர்ற மாதிரி, கை தொட்டாத்தான் தலை நம்பும் என்று அந்தப் பெண் சொன்னபோது எவ்வளவு சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் வீட்டில் இருக்கிற சாமானெல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முட்டை அட்டை முட்டை அட்டையாக இல்லை, பத்துப் பத்தாக வெட்டலாம். துணி மாட்டுகிற கிளிப், பாட்டில் மூடி, ஐஸ் குச்சி, ரப்பர் பேண்டு, எதைப் பார்த்தாலும் இது அவர் கைக்கு அடங்குமா, வழுக்குமா, வாயில் போட்டுக்கொள்வாரா என்றே மனசு போனது. பட்டாணி உருண்டு ஓடிவிடுகிறது. புளியங்கொட்டை கறுப்பு மேஜையில் தெரிவதில்லை. மொச்சைதான் சரி, தட்டையாக, வெளுப்பாக, சொன்ன இடத்தில் உட்காரும். "வைங்க, குழிக்கு ஒண்ணு" என்று சொல்லி அவருடைய இடது கையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. அவர் ஒரு கொட்டையை எடுத்தார், வைத்தார். இன்னொன்று. நாலு குழிக்கும் நாலு. எவ்வளவு ஒழுங்காக வைக்கிறார், ஓரத்தில் இடிக்காமல், இதில் ஒரு குறையும் இல்லையே என்று நெஞ்சு விம்மியது. "இப்ப எண்ணுங்க, எத்தனை?" அவர் விரலை முதல் குழியில் வைத்து ஒண்ணு என்றார், தெளிவாக, ரெண்டு, மூணு, நாலு, அங்கேதான், அங்கே நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அஞ்சு என்றார், ஆறு, ஏழு, விரல் மறுபடியும் முதல் குழிக்கு வந்து சுற்றிக்கொண்டு போனது, எட்டு, ஒம்பது, பத்து, பாட்டு மாதிரி, அவராக நிறுத்த முடியாத பாட்டு மாதிரி, குரல் மட்டும் அந்தப் பழைய குரலாகவே இருந்தது, அவள் கையைப் பிடித்து நிறுத்துகிற வரைக்கும்.

எண்ணத் தெரிகிறது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இதை பெனாசிரிடம் சொன்னபோது அந்தப் பெண், ஆமா ஆன்ட்டி, நெறையப் பேருக்கு அப்படித்தான், வரிசை மனப்பாடமா வாயில நிக்கும், ஆனா கடைசியாச் சொல்ற எண்ணுதான் மொத்தம்ங்கறது போயிரும் என்றாள். போயிரும். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். வசந்தாமணி அன்றைக்கு ராத்திரியெல்லாம் அதையே நினைத்தாள், கடைசியாகச் சொல்வதுதான் மொத்தம், கடைசியாகச் சொல்வதுதான் மொத்தம். அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, அதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததா, அவளுக்கு எப்படி வந்தது. அவளுக்குக் கணக்கு என்றாலே கழுத்துக்குப் பின்னால் வேர்க்கும். பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்கு போர்டில் எழுதினால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றுவிடுவாள். அவள் போய் இன்றைக்கு வாத்திச்சி. போனில் பார்த்துத்தான் படித்தாள். எந்த ஊரோ, ஒரு பெண்பிள்ளை தன் மகனை உட்கார வைத்து அவரைக்கொட்டையும் குச்சியும் வைத்துக் கூட்டல் சொல்லித் தருகிறாள், குட்டீஸ், ரெடியா என்று ஆரம்பிப்பாள், வளையல் போட்ட கை மட்டும் தெரியும், முகம் தெரியாது. அந்தக் குரல் இப்போது வசந்தாமணிக்கு ரொம்பப் பழக்கம். சமையல் செய்யும்போதுகூட அதை ஓட விட்டுக்கொள்கிறாள், பாடத்துக்காக இல்லை, ஒரு பொம்பளைக் குரல் வீட்டுக்குள் கேட்கட்டும் என்று. ஒரு நாள் அவரைப் பார்த்து, தன்னை அறியாமல், "ரெடியா?" என்று அதே ராகத்தில் கேட்டுவிட்டாள். அவர் முகம் அப்படியே வெந்துபோனது. இடது கையால் தாம்பாளத்தை ஒரு தள்ளு. கொட்டைகள் பீரோவுக்கு அடியில், பூஜை அலமாரிக்கு அடியில், வாசல் வரைக்கும் ஓடின. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போது அழவில்லை. சிரிப்புதான் வந்தது, கெட்ட சிரிப்பு, இந்த மனுஷனோடு பேசினால் பதிலுக்கு ஒன்றாவது வருகிறதே, தட்டாவது பறக்கிறதே என்று.

இன்றைக்குத் தள்ளவில்லை. இன்றைக்கு அமைதியாக இருக்கிறார், அதுவும் பயமாக இருக்கிறது. சாயங்காலம் கோகிலவாணி கூப்பிடுவாள். பதில் சொல்ல வேண்டும். ஒரே மகள், ஓசூரில், ஏழாவது மாசம், கர்ப்பப்பை வாய் தளர்ந்திருக்கிறது, எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். பிள்ளைப்பேற்றுக்கு அவள் இங்கே வருவதுதான் முறை, வர முடியாது. மாமியார் இல்லாத வீடு. மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போய்விட்டால் ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆள் இல்லை. நீங்க வாங்கம்மா, நீங்க வந்தாப் போதும் என்று அழுகிறாள். நீங்க என்றால் அம்மா மட்டும். அப்பாவை என்ன செய்வது என்பதைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். சென்னியப்பனுடைய தம்பி, நல்ல மனுஷன்தான், பெருந்துறைப் பக்கம் ஒரு ஹோமில் பேசி வைத்திருக்கிறார், மூணு மாசந்தானுங்க அண்ணி, அங்க நர்சு இருக்குது, நேரத்துக்கு மாத்திரை குடுப்பாங்க என்றார். மாத்திரை. அந்தச் சொல் வந்ததும் மனசு அங்கே போய் மாட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. இந்தப் பயமெல்லாம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பக்கத்து பிளாக்கில் ஒரு சாவுக்கு எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள், கொஞ்ச நேரந்தான். வந்து பார்த்தால் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை அட்டை மேஜைமேல் கிழிந்து கிடந்தது. சில மாத்திரைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார், மொச்சைக் கொட்டையை அடுக்கச் சொல்லித் தந்த மாதிரியே. மீதி எங்கே. "எத்தனை முழுங்குனீங்க? சொல்லுங்க, எத்தனை?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் இடது கையின் ஐந்து விரலையும் விரித்தார். பிறகு மூடினார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். பிறகு மறுபடியும் ஐந்து. அவள் முகத்தில் எந்த எண்ணுக்குச் சமாதானம் வருகிறது என்று தேடித் தேடிக் காட்டுகிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அவர் அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனாலும் மாத்திரை டப்பாவைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிறாள், அதில் நீராவி படிந்து எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. இரண்டு மாத்திரை என்றால் இரண்டோடு நிறுத்தத் தெரிந்தால் போதும். அவர் தம்பியோ பக்கத்து வீட்டுக்காரர்களோ ஒரு நேரம் எட்டிப் பார்த்தால் போதும், ஹோம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் இப்போது விடாமல் இந்தக் கொட்டையும் குழியும். அதற்காகத்தானா. ஹோமுக்கு அனுப்பினால்தான் என்ன, மூணு மாசம் முழுத் தூக்கம் தூங்கலாம், ஓசூரில் குளிர் இருக்கும், மகளோடு உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இருக்கலாம், பேசினால் அவள் பதில் பேசுவாள், இந்த நினைப்பு வந்ததும் யாரோ பார்த்துவிட்ட மாதிரி வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இது வேண்டாம்" என்று இட்லித் தட்டை நகர்த்தினாள். பெனாசிர் போன வாரம் இன்னொன்று சொல்லியிருந்தாள், வெறும் எண்ணா கேக்காதீங்க ஆன்ட்டி, வீட்டு ஆளுங்களை வச்சுக் கேளுங்க, மனசுல இருக்கறவங்க மூலமா எண்ணு திரும்பி வரும். வசந்தாமணி மேஜையைத் துணியால் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். கீழ் வீதியில் தறிக்கூடத்துச் சத்தம் ஒரே தாளமாக வந்துகொண்டிருந்தது, அது எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, நின்றால்தான் தெரியும். "ஏனுங்க, நம்ம கோகிலா ஊட்ல எத்தனை பேரு? கோகிலா, மாப்பிள்ளை. ஆளுக்கு ஒரு கொட்டை வைங்க பாக்கலாம்." அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. ஒரு கொட்டையை வைத்தார், பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். கை தாம்பாளத்துக்கு மறுபடியும் போனது, திரும்பி வந்து மடியில் உட்கார்ந்தது. நிறுத்திவிட்டார். இரண்டோடு நிறுத்திவிட்டார். இல்லை, இன்னும் ஒன்று எடுக்கப் போனாரே, அது வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கா, அதை எண்ணலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் திரும்பினாரா, அப்படியானால் இது எவ்வளவு பெரிய கணக்கு, அவளுக்குச் சட்டென்று கண்ணில் நீர் முட்டியது, "சரியாப் போச்சுங்க, சரியாப் போச்சு" என்று குழந்தை மாதிரி கை தட்டிவிட்டாள். அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சிரிப்பு. அந்தச் சூட்டோடு, யோசிக்காமல், அடுத்ததைக் கேட்டாள். "நம்ம ஊட்ல? நம்ம ஊட்ல எத்தனை பேரு? வைங்க." அவர் உடனே ஒரு கொட்டையை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தார். கையை எடுத்துக்கொண்டார். அவள் காத்திருந்தாள். "இன்னும்?" அவர் தலையை ஆட்டினார். இல்லை. "இது யாருங்க?" இடது கை ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்து அவளைக் காட்டியது. "அப்ப நீங்க?" விரல் அவளிடமே நின்றது. "தப்புங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. நானு, அப்பறம் யாரு இருக்கறாங்க இங்க?" என்று அவள் குரல் வாத்திச்சிக் குரலாக ஏறியது. அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது, எதையோ தேடியது, கிடைத்தது. "ஒருத்தி" என்றார்.

ஒருத்தி. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி எழுந்து சமையலறைக்குப் போனாள், போய் அடுப்புக்கு முன்னால் நின்றாள், அடுப்பில் ஒன்றும் இல்லை. தப்பாகச் சொல்கிறார், எண்ணுதான் போய்விட்டதே, ஒன்று என்பதற்குப் பதிலாக ஒருத்தி என்று வாயில் வந்துவிட்டது, பெனாசிரிடம் சொன்னால் அப்படி நெறையப் பேருக்கு ஆகும் ஆன்ட்டி என்பாள். இல்லை. இது அவளுடைய சொல். போன வாரம் அவினாசியில் இருக்கிற அக்காவோடு போனில் பேசும்போது, இதே இடத்தில், இதே மேடையில் சாய்ந்துகொண்டு, இந்த ஊட்ல நான் ஒருத்தியாத்தான் கெடக்கறேன்க்கா என்று சொன்னாள். அதற்கு முந்தியும் சொல்லியிருக்கிறாள், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவனிடம், ஒருத்திக்கு என்னப்பா, மெதுவாத்தான் தீரும் என்று. கீரைக்காரியிடம். யாரிடமெல்லாம் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாளா, இல்லை, எதற்குச் சாத்த வேண்டும், ஹாலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன விளங்கும் என்றுதானே. ஜன்னல் இருக்கிறது, மேஜை இருக்கிறது, அவர் இருக்கிறார், அப்படித்தானே அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டு, அதைக் கூட்டிப் பார்த்து, அவள் சொன்ன விடையையே இன்றைக்கு மேஜையில் எடுத்து வைத்திருக்கிறார். அப்படியானால் கணக்கு தப்பில்லை. அப்படியானால் அவர் நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்திவிட்டார், அதைத் தப்பு என்று அவள்தான் சொன்னாள்.  கோபமாக இருந்தால் பரவாயில்லை, அவர் விரலைக் காட்டியபோது முகத்தில் கோபம் இல்லையே, குற்றம் சொல்கிற பார்வையும் இல்லை, பாவம், இவளுக்கு யாருமில்லை என்கிற மாதிரி அல்லவா பார்த்தார். குழாயைத் திறந்தாள். தண்ணீர் கையில் ஓடியது, எதற்குத் திறந்தாள் என்று தெரியாமல் மூடினாள். போய் என்ன சொல்வது. நான் சும்மா சொன்னதுங்க என்றா. சும்மா சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொன்னாள், நிஜமாகவே ஒருத்தியாகத்தான் கிடந்தாள், அவரும் ஒருத்தராக அங்கே கிடந்தார், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

போன் அடித்தது. ஹாலில், அவர் பக்கத்தில் கிடந்தது. அவள் ஓடி வந்து எடுத்தாள். "அம்மா, சித்தப்பா கூப்பிட்டாருங்களா? ஹோம்ல திங்கக்கிழமையே சேத்திக்கறாங்களாம்" என்று கோகிலவாணி படுத்துக்கொண்டே பேசினாள். "நீங்க செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுனாப் போதும்." வசந்தாமணி அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டுக்கொண்டிருந்தார். இனிமேல் இந்த வீட்டில் எந்தப் பேச்சையும் அவர் கேட்கவில்லை என்று நினைத்துப் பேச முடியாது. "அப்பா ஹோமுக்குப் போகமாட்டாரு கண்ணு" என்றாள், கொஞ்சம் உரக்கவே. "வந்தா ரெண்டு பேருமா வர்றோம்." அந்தப் பக்கம் மகள் புரண்டு படுப்பது கேட்டது. பிறகு, "ஏனுங்கம்மா, இங்க ஒரே ரூமு. அப்பாவைப் பாப்பீங்களா, என்னைப் பாப்பீங்களா?" "ரெண்டு பேரையும் பாக்கறேன். முடியலைன்னா முடியலைன்னு உங்கிட்டயே சொல்றேன். ஆனா அவரை உட்டுட்டு நான் வரலை."  மகள் அழ ஆரம்பித்துவிடுவாளோ, அழுதால் வயிறு என்னாகும், தப்புச் செய்துவிட்டோமோ, இன்னொரு முறை யோசித்துச் சொல்லியிருக்கலாமோ. கோகிலவாணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி வாங்க. ஹால்ல கட்டில் போட்டுக்கலாம், உங்க மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்பாகிட்டக் குடுங்க" என்றாள். அவர் விழுந்ததிலிருந்து மகள் அப்படிக் கேட்டதில்லை. பேச முடியாதவரிடம் போனைக் கொடுத்து என்ன செய்வது என்று வசந்தாமணியும் கொடுத்ததில்லை.

போனை அவர் இடது காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மகளின் குரல் எறும்பு ஊர்கிற மாதிரி கேட்டது, என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வசந்தாமணியின் கை வலித்தது, மாற்றிப் பிடிக்கப் பயமாக இருந்தது. "சாப்ட்டியா கண்ணு?" என்றார் சென்னியப்பன். இரண்டு சொல்லும் முழுசாக வந்தன, ஒரு எழுத்துக்கூட உடையாமல். போனுக்குள் எறும்புச் சத்தம் நின்றுபோனது. பிறகு மகள் அழுவது வெளியே வரைக்கும் கேட்டது, அழுதுகொண்டே சாப்பிட்டதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை மாசமாக இவரிடம் எல்லோரும் கேள்விதான் கேட்டோம் என்று வசந்தாமணிக்குத் தோன்றியது, எத்தனை, எத்தனை, இது எத்தனை, அது எத்தனை, இவரும் நம்மைக் கேட்பதற்கு ஏதாவது வைத்திருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேச்சு முடிந்து போனை வாங்கிக் கீழே வைத்தாள். வெளியே வெயில் எதிர்ச் சுவரை விட்டு இறங்கியிருந்தது. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ விட்டுப்போனது ஞாபகம் வந்த மாதிரி புருவம் கூடியது.

"நீ?" என்றார்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும், மத்தியானம் அவருக்கு ஊட்டிவிட்டுச் சட்டியை மூடி வைத்ததும், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாததும், நேற்றும் இப்படித்தான் என்பதும் ஒன்றாக ஞாபகம் வந்தன.

"இன்னும் இல்லீங்க" என்றாள்.